மலை வீட்டில் கீசர் சுடவில்லையா? மூடியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கோத்தகிரியில் நாங்கள் குடிவந்த முதல் மார்கழியில், குளியலறையில் மாட்டியிருந்த 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் முதல் இரண்டு மக் தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டில் கொடுத்துவிட்டு, அதன்பின் ஷவரில் வெதுவெதுப்புகூட இல்லாத தண்ணீரை ஊற்றத் தொடங்கியது. வந்து பார்த்த எலக்ட்ரீசியன், "காயில் போயிருக்கும்ணா, மாத்திடலாம்" என்று சொல்லி, தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் கம்பிச்சுருளைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையிலும் அதே கதைதான். பழைய காயிலில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பது, ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் எதற்கும் கீசரின் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. திறக்கவும் கூடாது, அது எலக்ட்ரீசியனின் வேலை.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. குழாயையோ ஷவரையோ தொடும்போது கையில் லேசாகச் சுரீரென்றாலும் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு, ஈரமான இடத்தை விட்டு வெளியே வந்து, காய்ந்த கையால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வாளி

10 லிட்டர் வாளியை ஷவருக்கு அடியில் வைத்து, நீங்கள் வழக்கமாகத் திறக்கும் அளவுக்கே குழாயைத் திறந்து, வாளி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 4 நிமிடத்தில் நிரம்பினால், நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் ஓடுகிறது என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவதற்கு ஆகும் சக்தியைக் கொண்டு கணக்கிட்டால், 3 கிலோவாட் கீசர் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரைச் சுமார் 43 டிகிரி செல்சியஸ் உயர்த்தும். இரண்டரை லிட்டர் ஓடினால் அதே கீசரால் 17 டிகிரிதான் உயர்த்த முடியும். கோயம்புத்தூரில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி இருந்தால் அது 42 டிகிரியாகி, சுகமான வெந்நீராக வரும். மார்கழி விடியலில் எங்கள் தொட்டித் தண்ணீர் 11 டிகிரி இருந்தது. அதோடு 17ஐக் கூட்டினால் 28 டிகிரிதான், அதில் குளித்தால் பல் கிட்டிக்கொள்ளும். முதல் இரண்டு மக் மட்டும் ஏன் கொதித்தது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது: அது உள்ளே தேங்கி முன்பே சூடான 3 லிட்டர், அதன்பின் வருவதெல்லாம் ஓடிக்கொண்டே சூடாகும் தண்ணீர்.

தண்ணீரின் சூட்டை அளக்கச் சமையலறைத் தெர்மாமீட்டர் போதும் (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் குளிர்ந்த நீரின் அளவைக் காட்டாது). ஓட்டத்தைக் கணக்கிட்டு 43ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணும், நுழையும் தண்ணீருக்கும் ஷவர் தண்ணீருக்கும் இடையிலுள்ள வேறுபாடும் ஏறக்குறைய ஒத்துப்போனால் கீசர் நன்றாக இருக்கிறது, நீங்கள் திருகிக் குறைக்க வேண்டியது வால்வைத்தான். 11 டிகிரித் தண்ணீர் 38 டிகிரியாக வர வேண்டுமானால், வாளி நிரம்ப ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்படி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

தொட்டி வைத்த ஸ்டோரேஜ் கீசருக்குக் கணக்கு வேறு. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 11 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 26 நிமிடம் ஆகும். கடைக்காரர் சமவெளி வழக்கத்தில் சொல்லும் "கால் மணி நேரம்" இங்கே பொருந்தாது.

அடுத்து மின்சாரம்

வோல்டேஜ் குறைந்தால் கீசரின் திறன் அந்த அளவுக்கு மட்டும் குறைவதில்லை, இருமடங்கு வேகத்தில் சரியும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால், 3 கிலோவாட் கீசர் 2 கிலோவாட் கீசராகிவிடும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கீசர் ஓடும் குளிர்காலக் காலையில், ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் முகப்பில் தெரியும் உள்வரும் வோல்டேஜ் எண்ணைப் பாருங்கள். மதியம் மறுபடி பாருங்கள். காலையில் அந்த எண் குறைந்து தண்ணீர் சில்லென்று வந்து, மதியம் எண் ஏறியதும் சுடச்சுட வருகிறதென்றால், குறை உங்கள் சுவரில் இல்லை, தெருக்கம்பியில் இருக்கிறது. மின்வாரியத்தில் புகார் கொடுங்கள்.

காயில் வேலை செய்கிறதா என்பதை அறிய எனக்கு மிகவும் பிடித்த வழி, மின்வாரிய மீட்டரில் சிமிட்டும் சிறிய சிவப்பு விளக்கு. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குளிர்ந்திருக்கும் கீசரை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அச்சிட்ட எண் 3200 என்றால், 3 கிலோவாட் கீசருக்கு நிமிடத்துக்கு 160 முறையும், 2 கிலோவாட் கீசருக்கு 107 முறையும் சிமிட்ட வேண்டும். வேகமாகச் சிமிட்டுவதால் எண்ணிக்கை தவறலாம். கைபேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்து எண்ணுவது எளிது. கீசரின் விளக்கு எரிந்தும் மீட்டர் அசையாவிட்டால், காயிலோ தெர்மோஸ்டாட்டோ (வேண்டிய சூடு வந்ததும் காயிலை நிறுத்தும் பாகம்) பழுது. விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம் கீசருக்குள் வந்து சேரவில்லை, அல்லது சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் விழுந்திருக்கிறது. அது அடிக்கடி விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்லுங்கள்.

பிளக்கை மறக்காதீர்கள். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், எனவே 16 ஆம்பியர் பிளக்கில் நேராகத்தான் மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகாது. மெயினை அணைத்துப் பிளக்கை உருவிப் பாருங்கள்: எங்கள் பழைய வாடகை வீட்டில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் வறுத்த கடுகின் நிறத்துக்கு வந்து, பிளக்கின் ஒரு பின்னும் கறுத்து, கருகிய ஒயர் வாசனை அடித்தது. அப்படி இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது, சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அல்லது ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், கீசர் பிளக்கை உருவிவிட்டு ஒரே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். விழாமல் நின்றால் கோளாறு கீசரில். அப்போதும் விழுந்தால் வயரிங்கில். ஆர்.சி.சி.பி. விழுவது பெரும்பாலும் காயிலின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீரில் கசிவதன் அடையாளம். மறுபடி மறுபடி ஏற்றுவதும், ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேராக இணைக்கச் சொல்வதும் உயிரோடு விளையாடுவது. குழாயில் சுரீரென்றதா? கசிவோடு எர்த்தும் சரியில்லை. பாறை மண்ணில் தோண்டிய எர்த் குழி, மாசி பங்குனியில் ஈரம் வற்றியதும் வேலை செய்யாமல் போகும். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதைப் பொருத்தும்வரை அந்த ஷவரில் யாரையும் குளிக்க விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கினால் பிளக்கை உருவிவிடுவதும் இங்குள்ளோருக்கு நல்ல பழக்கம்.

தண்ணீர் வரும் வழி

ஷவர் தண்ணீர் நூலாகச் சொட்டினால், உள்வரும் குழாயின் வால்வை மூடி, இணைப்புக் குழாயைக் கழற்றி, அதன் வாயிலுள்ள வலையைப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து நான் கழற்றியபோது, வடிகட்டியில் தங்கிய தேயிலைத் தூளைப்போல் செம்மண் படிந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினால் சரியாகிவிடும். ஷவர் தலையையும் இப்படியே கழுவலாம்.

மிக்ஸர் குழாய் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கீசருக்குள் போகும் வால்வை முழுதும் மூடிவிட்டு, வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறங்கள். தண்ணீர் நிற்க வேண்டும். தொடர்ந்து வந்தால், ஏதோ ஒரு மிக்ஸரில் தேய்ந்த வாஷர் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீரில் கலக்கிறது.

சரிவில் மேல்பக்கம் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டே இருக்கலாம். 10 மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் கூடும். கீசரின் ஒட்டுச்சீட்டில் எழுதியுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுடும்போது மட்டும் சில சொட்டு விழுந்தால் அது இயல்பு. எப்போதும் சொட்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டுமே தவிர, துளையை அடைக்கக் கூடாது.

பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டில், வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையின்றி ஓடுவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலித் தொட்டியில் போட்டால் காயில் எரிந்துபோகும்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் சரியாகாவிட்டால், எலக்ட்ரீசியனை அழைக்கும்போது "சுடலைங்க" என்று மட்டும் சொல்லாமல், வாளி நிரம்பிய நேரம், காலை வோல்டேஜ், மீட்டர் சிமிட்டிய எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். எந்த உதிரிப்பாகத்தோடு வர வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது வால்வு பாதிதான் திறந்திருக்கிறது, வாளி நிரம்ப ஆறேகால் நிமிடம் ஆகிறது. அம்மா மட்டும் ஷவரை நம்பாமல் வாளி நிரம்பும்வரை காத்திருந்தே குளிக்கிறார்.