நின்றே துருப்பிடிக்கும் கார்: காலிப்பர் பின்னுக்கு கிரீஸ் போடுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டு ஷெட்டுகளில் துணி போர்த்திய கார் ஒன்று எப்போதும் நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பொங்கல், படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று ஊருக்கு வரும்போதுதான் அதற்கு வேலை. அதிகம் ஓடியிருக்காது, ஆனால் சாவி போட்டு நகர்த்தினால் ஒரு சக்கரம் இழுத்துப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அசையாமல் கிடந்ததன் பலன் அது.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். சின்னக் கார்களின் முன்சக்கர காலிப்பரில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் அது உள்பக்க பேடை (உரசிப் பிடிக்கும் பட்டை) டிஸ்க்கில் அழுத்தும். அந்த விசையிலேயே காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்களின் (உருண்டையான இரும்புக் கம்பிகள்) மேல் வழுக்கி வந்து வெளிப்பக்க பேடையும் அழுத்தும். பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் இந்த நகர்வு நின்றுவிடும். உள்பக்க பேடு மட்டும் வேகமாகத் தேயும், சக்கரம் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டிவிட்டு வந்ததும் சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பின்களைத்தான்.

வாங்க வேண்டியவை

பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப், பிரேக் கிளீனர் ஸ்பிரே, வயர் பிரஷ், நூல் பிரியாத பழைய துணி. ஸ்பேனர், ஜாக்கி, ஜாக் ஸ்டாண்டு கையில் இருக்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று பேரிங் கிரீஸை நீட்டினால் வாங்காதீர்கள். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் உப்பிப்போகும். அப்புறம் பின் முன்பைவிட மோசமாக இறுகும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதும் ரப்பருக்கு அதே கெடுதல்தான்.

தூக்குவது

செம்மண் தரையில் ஜாக்கி புதையும். சிமென்ட் தளம் நல்லது. இல்லையென்றால் அடியில் கனமான பலகை. ஆத்தங்குடிக் கல் பதித்த இடம் மட்டும் வேண்டாம், எண்ணெய்க் கறை பட்டால் போகவே போகாது. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

பின்னைக் கழற்றுவது

காலிப்பரின் பின்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு போல்ட் தெரியும். பல கார்களில் 12 அல்லது 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். போல்ட்டோடு சேர்ந்து பின்னும் சுற்றினால் அதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எடுத்து, காலிப்பரைக் கம்பியால் சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் (பிரேக் எண்ணெய் வரும் குழாய்) தொங்கவே விடக் கூடாது. கழற்றிய நிலையில் பிரேக்கையும் யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

இனி பின்னை இடமும் வலமும் திருகிக்கொண்டே இழுங்கள். சுத்தியல் வேண்டாம். சில வண்டிகளில் ஒரு பின் மொழுமொழுவென்றும் இன்னொன்று நுனியில் ரப்பர் வளையத்தோடும் இருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

துடைத்து, கிரீஸ் போடுவது

வெளியே வந்த பின்னைப் பார்த்தால் விஷயம் புரியும். பழைய கிரீஸ் காய்ந்த கோந்து மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கும், பூட் கிழிந்த இடத்துக்கு நேராகத் துரு வளையம் போட்டிருக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பின் போகும் துளைக்குள்ளும் துணியைச் சுருட்டி விட்டு எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது. மேலோட்டமான துருவை நைசான உப்புத்தாளால் தேய்க்கலாம். நகத்தில் தட்டுப்படும் குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பிரயோஜனமில்லை. புதுப் பின்னும் ரப்பர் பூட்டும் வாங்கிப் போடுங்கள்.

கிரீஸை விரலில் எடுத்து, பின் முழுக்க மெல்லிய படலமாகத் தடவுங்கள். ரப்பர் பூட்டின் உள்விளிம்பிலும் கொஞ்சம். துளைக்குள் அப்பினால் காற்று அடைபட்டு, உள்ளே தள்ளிய பின் மறுபடி வெளியே தள்ளிக்கொண்டு வரும். அப்படி வந்தால் கிரீஸ் கூடிவிட்டது, கொஞ்சம் துடைத்தெடுங்கள். சரியாக இருந்தால் விரலால் தள்ளியதும் ஒரே சீராகப் போய்வரும்.

பேடு உட்காரும் கிளிப்புகளுக்கு அடியிலும் துரு மண்டும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பேடின் காது (இரு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி) உரசும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ். டிஸ்க்கிலோ பேடின் முகத்திலோ பட்டால் பிரேக் பிடிக்காது. டிஸ்க்கில் பட்டதை கிளீனரால் துடைக்கலாம், கிரீஸ் ஊறிய பேடை மாற்றத்தான் வேண்டும். பேடு தூளை ஊதாதீர்கள், மூச்சுக்கு ஆகாது.

பூட்டுவது

கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகப் பூட்டுங்கள். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பிரேக்கை மிதியுங்கள். பிறகு வீட்டு வாசலிலேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிள்ளையார்பட்டிக்குக் கிளம்புவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நிறுத்திவைக்கும் வண்டிக்கு மழைக்காலத்துக்கு முன் வருஷம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும். கழுவிய கையோடு ஷெட்டில் பூட்டாமல், ஒரு சுற்று ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்து ஈரத்தைக் காயவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஓட்டத் தெரிந்தால், வாரம் ஒருமுறை தெருமுனை வரை போய்வரச் சொல்லலாம்.