ஹெக்கரைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு எழுத்துப் பட்டறையில் பிள்ளைகள் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளைத் திருத்தினேன். நாலு பேர் ஃபிரெட்ரிக் ஹெக்கரை எடுத்திருந்தார்கள். 1811-இல், இன்றைய ஜெர்மனியின் தென்மேற்கில் இருந்த பாடன் நாட்டில் பிறந்தவர், மன்ஹைம் நகரத்து வக்கீல், 1842-இல் பாடன் சட்டமன்ற உறுப்பினர், 1848-இல் குடியரசு வேண்டும் என்று ஆயுதம் தூக்கியவர். நாலில் மூன்று பேர், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே குழியில் விழுந்திருந்தார்கள். எழுத்துப்பிழைகளை விடுங்கள், அதை மெய்ப்பு பார்ப்பவர் பிடித்துவிடுவார்.

‘தீவிரவாதி’ என்று எழுதுவது

இன்றைக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாசகருக்கு வெடிகுண்டுதான் ஞாபகம் வரும். 1847-இல் ஓஃபன்பர்க் கூட்டத்தில் ஹெக்கரும் தோழர்களும் கேட்டது பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை, வருமானத்துக்கு ஏற்ற வரி. ‘தீவிர ஜனநாயகவாதி’ என்று முழுசாக எழுதுங்கள்.

மூன்று கலகங்களை ஒன்றாக்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது. பாடனில் பதினாறு மாதத்துக்குள் மூன்று எழுச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மன்ஹைம் வக்கீல் முன்னால் நிற்கிறார். மூவருமே கடைசியில் அமெரிக்கா போகிறார்கள். குழம்பாமல் என்ன செய்யும்?

1848 ஏப்ரலில் கொன்ஸ்டன்ஸிலிருந்து படை திரட்டிக் கிளம்பியவர் ஹெக்கர். ஒரே வாரத்தில், ஏப்ரல் 20 அன்று, காண்டர்ன் அருகே தோற்று சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். செப்டம்பர் 21 அன்று லோராக்கில் குடியரசு என்று அறிவித்தவர் குஸ்தாவ் ஸ்ட்ரூவே. அந்த மாதம் ஹெக்கர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். 1849 மே மாதம் பாடன் படையே கலகம் செய்து, மன்னர் ஓடிப்போனபோது தற்காலிக அரசின் தலைவரானவர் லோரென்ஸ் பிரென்டானோ. ஹெக்கரைத் திரும்பி வரச் சொன்னார்கள். வந்தார். ஜூலையில் பாடன் எல்லைக்கு அருகே, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் வரை வந்து சேர்ந்தபோது, மன்னருக்கு உதவ வந்த பிரஷ்யப் படை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடித்திருந்தது. அப்படியே திரும்பிப் போனார்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? “1849-இல் ஹெக்கர் தலைமையில் புரட்சிப் படை ராஸ்டாட் கோட்டையைக் காத்தது.” என் கைக்காசில் அச்சடித்த சிறு நூல், 300 பிரதி. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார். ஒரே வரி: “அப்போது அவர் கப்பலில் இருந்தார், ஐயா.” கட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன.

ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. 1849-இல் சண்டை போட்டவர்கள் ஹெக்கர் பாட்டைப் பாடினார்கள், இறகு வைத்த ஹெக்கர் தொப்பி போட்டார்கள். பழைய எழுத்தில் எங்கே திரும்பினாலும் அவர் பெயர். பெயர் இருக்கிற இடத்தில் ஆளும் இருந்தார் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ‘மாதம், ஊர், ஹெக்கர் எங்கே?’ என்று நிரப்புகிறேன். இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் ‘இல்லை’ என்றுதான் வரும். அந்த ‘இல்லை’யைக் கட்டுரையிலும் எழுத வேண்டும். ஒரு வாரச் சண்டையில் தோற்று, ஊரிலேயே இல்லாத ஆளை ஜனங்கள் ஏன் பாடிக்கொண்டே இருந்தார்கள் என்பதில்தானே சுவாரசியம்!

தம்பியைக் கொல்வது

அண்ணன் தம்பி இருவருக்கும் காகெர்ன் என்றே குடும்பப் பெயர், அதனால் ஆள் மாறிவிடும். காண்டர்னில் செத்தது, ஹெக்கரை எதிர்த்து வந்த அரசுப் படையின் தளபதி ஃபிரெட்ரிக் ஃபான் காகெர்ன். தம்பி ஹைன்ரிக் அடுத்த மாதமே, ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் பொதுவான நாடாளுமன்றமாகக் கூடிய ஃபிராங்க்ஃபர்ட் தேசிய மன்றத்தின் தலைவரானார்.

1848-ஓடு கதையை முடிப்பது

அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது ஹெக்கருக்கு வயது 37-ஐ நெருங்கியிருந்தது. 1881-இல் சாகும்வரை இலினாய்ஸில் விவசாயி. நடுவில் அமெரிக்க உள்நாட்டுப் போர்: வடக்குப் படையில் கர்னல், 1863-இல் சான்ஸலர்ஸ்வில் சண்டையில் காயம். இதற்கு ஒரு பத்தி போதாது.

தொப்பி

படத்தில் இறகு வைத்த தொப்பி இருந்தால் உடனே ‘ஹெக்கர்’ என்று கீழே எழுதிவிடாதீர்கள். அவர் ஊரை விட்டுப் போன பிறகும் பலர் அதைப் போட்டார்கள்.