திருவனந்தபுரம் – துபாய் விமானக் கட்டணத்தை நிரல் எழுதித் தேடுவது எப்படி?

என் மாமா மகன் மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு ட்ராவல்ஸ் நடத்துகிறான். "மக்கா, துபாய்க்கு ரேட்டு என்ன?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்குப் பதில் போட்டே அவன் சாயங்காலம் கழிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம்தான் போவார்கள். அவனுக்காக ஒரு தேடல் நிரல் எழுதியபோது நான் இடறி விழுந்த இடங்களையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

விமான நிறுவனங்களின் இருக்கை, கட்டண விவரங்கள் பல காலமாகவே பெரிய கணினி அமைப்புகள் வழியாகத்தான் ஏஜென்டுகளுக்குக் கிடைக்கின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து உருவாக்கிய சேபர், 1987-இல் ஐரோப்பிய நிறுவனங்கள் தொடங்கிய அமடியஸ் எல்லாம் அந்த வகை. புதியவர்களுக்கு நேரடியாக அவற்றில் இறங்குவது கஷ்டம். நான் விமானக் கட்டணத்தை நிரல் வழியாகவே தேட உதவும் டஃபெல் என்ற சேவையையும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியையும் எடுத்துக்கொண்டேன். சோதனைக் கணக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதுதான் காரணம்.

படி 1: கணக்கும் சாவியும்

டஃபெல் தளத்தில் கணக்குத் தொடங்கி, சோதனை முறையில் ஒரு டோக்கன் (நம் கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி) உருவாக்குங்கள். அதை நிரலுக்குள் எழுத வேண்டாம். 'என்வ்' (.env) என்ற தனிக் கோப்பில் வைத்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏறாதபடி விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டைக் கணினியில் ஓட்டும் நோட் (Node.js) 20.6 முதல் அந்தக் கோப்பைப் படிக்க வேறு லைப்ரரி தேவையில்லை.

படி 2: லைப்ரரியை நிறுவுதல்

புதுக் கோப்புறை ஒன்றில் டெர்மினலைத் திறந்து, என்.பி.எம். இன்ஸ்டால் (npm install) கட்டளையோடு டஃபெல் ஏ.பி.ஐ. பொதியின் பெயரைக் (@duffel/api) கொடுங்கள். பெயருக்கு முன்னால் ஆட் குறி உண்டு, மறக்கக் கூடாது. நிரல் கோப்பின் பின்னொட்டு எம்.ஜே.எஸ். ஆக இருக்கட்டும். வெறும் ஜே.எஸ். என்று வைத்தால் இம்போர்ட் வரியிலேயே பிழை காட்டி நிற்க வாய்ப்பு உண்டு.

படி 3: தேடல் கோரிக்கை

டோக்கனைக் கொடுத்து டஃபெல் பொருளை உருவாக்கியதும், 'ஆஃபர் ரிக்வெஸ்ட்' (ஆஃபர் என்றால் விலையோடு வரும் பயண வாய்ப்பு) பகுதியில் உள்ள 'கிரியேட்' சார்பை அழைக்க வேண்டும். அதற்குள் போக வேண்டியவை: எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி, எத்தனை பயணிகள், எந்த வகுப்பு.

ஊர்ப் பெயருக்குப் பதில் மூன்றெழுத்துக் குறியீடு வேண்டும். திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. (TRV), அதாவது பழைய ட்ரிவாண்ட்ரம். துபாய்க்கு டி.எக்ஸ்.பி. (DXB), மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். (IXM), தூத்துக்குடிக்கு டி.சி.ஆர். (TCR). தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். டிசம்பர் 5 என்றால் 2026-12-05. நாம் வழக்கமாக எழுதுவதுபோல் நாளை முன்னால் போட்டால் ஏற்காது.

ஒரு திசைப் பயணத்துக்கு டஃபெல் வைத்திருக்கும் பெயர் 'ஸ்லைஸ்'. போக மட்டும் டிக்கெட் என்றால் ஸ்லைஸ் ஒன்று. போய்வர இரண்டு. மும்பையில் விமானம் மாறிப் போனாலும் அது ஒரே ஸ்லைஸ்தான், அதற்குள் 'செக்மென்ட்' (ஒவ்வொரு விமானப் பறப்பும் ஒன்று) இரண்டு இருக்கும். இந்த வேறுபாடு முதலிலேயே மனதில் பதிந்துவிட்டால் பிறகு வரும் தகவல் குழப்பாது.

ஓட்டிப் பாருங்கள். சோதனை முறையில் 'டஃபெல் ஏர்வேஸ்' என்ற விமான நிறுவனம் வரும். பயப்பட வேண்டாம், அப்படி ஒரு விமானம் எங்கும் பறக்கவில்லை. அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடாதீர்கள்!

படி 4: வந்த தகவலைப் படிப்பது

உண்மையான வேலை இங்கேதான். எனக்கு முழுதாக இரண்டு நாள் போனது.

முதலில் விலை. குறைந்த கட்டணம் மேலே வரட்டும் என்று வரிசைப்படுத்தினேன். 104.20 முதலில் வந்தது, 98.50 அதற்குக் கீழே! மொத்தத் தொகை எண்ணாக வருவதில்லை, எழுத்துச் சரமாக வருகிறது. சரமாக ஒப்பிட்டால் ஒன்று என்ற எழுத்து ஒன்பதுக்கு முன்னால்தானே நிற்கும்? இரண்டு தொகையைக் கூட்டினால் இன்னும் வேடிக்கை, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு 98.50104.20 என்று வரும். தசமக் கணக்கில் துல்லியம் போகாமல் இருக்கத்தான் சரமாக அனுப்புகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், புரியும். வரிசைப்படுத்த மட்டும் என்றால் 'நம்பர்' சார்பால் மாற்றிக்கொண்டால் போதும். பில் போடும் கணக்குக்குத் தசம லைப்ரரி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகையோடு நாணயக் குறியீடும் தனியாக வரும், அதையும் சேர்த்தே காட்டுங்கள்.

அடுத்தது நேரம். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் வரும். திருவனந்தபுரத்தில் 4:30-க்குக் கிளம்பி துபாயில் 7:00-க்கு இறங்குகிறது என்றால் பயணம் இரண்டரை மணி நேரம் அல்ல. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே நான்கு மணி நேரம். நான் கழித்துப் போட்ட கணக்கில் போகும்போது இரண்டரை, வரும்போது ஐந்தரை என்று வந்தது. "எதிர்க்காத்து அடிக்கோ?" என்று கேட்டான் மாமா மகன். இந்தக் கழித்தலே வேண்டாம். ஒவ்வொரு ஸ்லைஸிலும் 'டியூரேஷன்' என்று பயண நேரம் தனியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது லக்கேஜ். வளைகுடாப் பயணிக்கு ரேட்டுக்கு அடுத்த கேள்வியே "எத்தனை கிலோ?" என்பதுதான். இங்கே வருவது எத்தனை பெட்டி என்ற எண்ணிக்கை. ஒன்று என்று இருப்பதைப் பார்த்து 30 கிலோ என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. விமான நிறுவனத்தின் விதியைத் தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்ற இடத்தில் 'நல்' (null, வெற்று மதிப்பு) என்று வந்தாலும் இதே கதைதான். 'திரும்பாது' என்று அதற்குப் பொருள் இல்லை. தகவல் வரவில்லை, அவ்வளவுதான்.

படி 5: காலாவதி

ஒவ்வொரு ஆஃபருக்கும் காலாவதி நேரம் உண்டு. காலையில் எடுத்த பட்டியலைச் சேமித்து வைத்து மாலையில் விலை சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் சரி என்று சொன்னதும், அந்த ஆஃபரை அதன் அடையாள எண்ணால் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பிழை வந்தால் 'கேட்ச்' பகுதியில் பிழைச் செய்தியையும் கோரிக்கை எண்ணையும் பதிவு செய்துகொள்ளுங்கள். உதவி கேட்கும்போது அந்த எண் தேவைப்படும்.

அப்புறம், நான் கடைசியாகச் சேர்த்த ஒரு வரி. புறப்பாடு நள்ளிரவு 12-க்கும் காலை 5-க்கும் இடையில் இருந்தால், "முந்தின நாள் ராத்திரியே வீட்டிலிருந்து கிளம்பணும்" என்று பதிலின் கீழே நிரல் தானாக எழுதும். 12-ஆம் தேதி 2:30 என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு 12-ஆம் தேதி ராத்திரி பெட்டி கட்டுகிறவர்கள் உண்டு. மாமா மகன் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறான்.