பனி பார்க்கப் போகிறவர்கள் டெல்லியிலேயே செய்துவிடும் தவறுகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் டெல்லிக்கு வந்து இறங்கும். குதுப்மினார், ஆக்ரா, மலை மந்திர் எல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு வேண்டியது பனி. ராமகிருஷ்ணபுரத்திலோ மயூர் விஹாரிலோ இருக்கும் உறவினரும் அவர்கள் வருவதற்கு முன்பே மணாலிக்கு பஸ் டிக்கெட் எடுத்து வைத்திருப்பார். தவறு அந்த டிக்கெட்டின் தேதியிலேயே தொடங்கிவிடுகிறது.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் வட இந்தியாவே அந்த மலைப்பாதையில்தான் நிற்கும். அறை வாடகை உச்சத்தில் இருக்கும். பனிக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. சிம்லா, மணாலி ஊர்களுக்குள் பனி நின்று விழுவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான். அதுவும் நிச்சயமில்லை. 2024 ஜனவரியின் முதல் பாதியில் பனிக்குப் பேர்போன காஷ்மீரின் குல்மார்க்கே வெறும் புல்தரையாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பொழிந்தது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது என்பவர்களுக்கு என் யோசனை, டிசம்பரை விட்டுவிட்டு ஏப்ரல், மே மாதங்களைப் பாருங்கள் என்பதுதான். ஏப்ரலில் மணாலிக்கு வடக்கே அடல் சுரங்கப்பாதைக்கு அப்பால் கோக்சர் பக்கம் பொதுவாகப் பனி கிடக்கும். ரோத்தாங் கணவாய் பெரும்பாலும் மே மாதத்தில் திறக்கும். அதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும், செவ்வாய்க்கிழமைகளில் சுற்றுலா வாகனங்களை விடுவதில்லை. வானத்திலிருந்து பனி விழுவதைப் பார்க்க முடியாமல் போகலாம். ஆனால் உருண்டு விளையாடத் தரையில் கிடக்கும் பனி போதும்.

"டெல்லியிலேயே இப்படி நடுங்குகிறதே, சிம்லாவில் கொட்டிக்கொண்டிருக்கும்" என்று கணக்குப் போடுவது அடுத்த தவறு. டெல்லியின் கடுங்குளிருக்குக் காரணம் வெயிலை மறைக்கும் மூடுபனியும் வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றும். மலையில் பனியைப் பொழிவது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தோடு நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற வானிலை அமைப்பு. அது வரும்போது டெல்லி வானம் மேகமூட்டமாகும், சில நேரம் தூறும், இரவுக் குளிர் கொஞ்சம் தணியவும் செய்யும். ஆகவே ஜனவரியில் கரோல்பாக்கில் தூறல் விழுந்தால் மலையில் பனி விழ வாய்ப்பு அதிகம். நடுக்கம் அதற்குப் பிறகு, வானம் வெளுத்த பின் வரும். சிம்லாவில் உள்ள வானிலை மையத்தின் அறிவிப்பைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பார்த்துவருவது நல்லது. அதில் கனத்த பனிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பனி விழுந்து முடிந்த மறுநாள்தான் பார்க்கவும் நடக்கவும் சுகம்.

ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து முன்பதிவு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். நம் ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் உறைபனி படிகிறதே தவிர பனி பொழிவதில்லை. இமயத்தில் பொழியக் காரணம், அது வடக்கே தள்ளி இருப்பதும் அந்த மேற்கத்திய ஈரமும். இருந்தும் மணாலி கடைத்தெருவில் விழும் பனி ஓரிரு நாளில் சேறாகிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பதால், பனிக்கான ஊரை உயரம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணாலிக்கு மேலே உள்ள சோலங் சுமார் 2,500 மீட்டர். சுரங்கப்பாதையைத் தாண்டிய சிஸ்ஸு 3,100. சிம்லா பக்கம் என்றால் குஃப்ரியைவிட நார்கண்டா நல்லது; குஃப்ரியில் குதிரைகள் மிதித்த சகதிதான் மிச்சம். சிஸ்ஸு போகிறவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி, பிப்ரவரியில் உள்ளூர்த் திருவிழாக் காலத்தில் சுற்றுலாவை அங்குள்ள பஞ்சாயத்தே நிறுத்திவைத்ததுண்டு.

உடையில் செய்யும் தவறுகளில் பெரியது பருத்தி. ஜீன்ஸ், பருத்தி பனியன், பள்ளிக்கூடக் காலுறை. பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், காய நேரமாகும், அதுவரை உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பனியில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்த ஜீன்ஸைத் தொட்டுப் பார்த்தால் புரியும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட, தெர்மல் உள்ளுடை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் நீர் புகாத மேலுடை என்று மூன்று அடுக்கு சிறந்தது. பஸ்ஸுக்குப் போகும் வழியிலேயே காஷ்மீரி கேட் பஸ் நிலையத்துக்கு எதிரே மொனாஸ்டரி மார்க்கெட் இருக்கிறது. பேரம் பேசத் தயங்காதீர்கள்.

மணாலியிலிருந்து சோலங் போகும் வழி நெடுகப் பனியுடுப்பு வாடகைக்கு விடும் கடைகள், எண் போட்டு வரிசையாக நிற்கும். ஓட்டுநர் தமக்கு வேண்டிய கடையில்தான் வண்டியை நிறுத்துவார். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகச் சொல்லலாம். உடுப்பு பரவாயில்லை, ரப்பர் பூட்ஸில்தான் ஏமாறுகிறோம். கையை உள்ளே விட்டுப் பாருங்கள்: முந்தைய ஆள் கழற்றிப் போட்ட ஈரம் அப்படியே இருக்கும். நனைந்த காலுறையோடு பனியில் நிற்கும் குழந்தை அரை மணியில் அழத் தொடங்கும், பயணம் அத்தோடு முடிந்தது. உலர்ந்த ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். கம்பளிக் காலுறையில் கூடுதலாக இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். குளிர்க் கண்ணாடியை அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண் எரிச்சல் அன்று மாலைதான் தெரியும்.

சொந்தக் காரில் போவது. டெல்லியில் இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம் இதற்கு உதவாது. பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, நிழல் விழும் வளைவுகளில் கண்ணாடிப் படலமாகக் கிடக்கும். பார்த்தால் ஈரத் தார்ச்சாலை போலத்தான் தெரியும். பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்காது, வழுக்கும். அதனால்தான் பனி விழுந்த நாட்களில் மணாலியைத் தாண்டிய நேரு குண்டு என்ற இடத்துக்கு மேல் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளை மட்டும் போலீஸார் விடுகிறார்கள். அவர்களோடு வாக்குவாதம் செய்து மேலே போகப் பார்ப்பது வீரமில்லை. 2024 டிசம்பரில் சோலங்குக்கும் சுரங்கப்பாதைக்கும் இடையே நூற்றுக்கணக்கான வாகனங்கள் இரவில் சிக்கிக்கொண்டன. காரை மணாலியில் விட்டுவிட்டு உள்ளூர் வண்டி எடுப்பதே என் கட்சி.

அப்படிச் சிக்கிக்கொண்டால் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றித் தூங்கவே கூடாது. பனி புகைக்குழாயை மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு மணமில்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனியில் நின்ற கார்களுக்குள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். விடுதி அறையில் அங்கீட்டி என்ற கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துதான். அறைக்கு மின்ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா, குழாய் உறைந்தால் வெந்நீருக்கு என்ன வழி என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். கடலோர ஊரிலிருந்து வந்த தாத்தாவை மறுநாளே குல்மார்க் கேபிள் காரில் கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்கு ஏற்றுவது நியாயமில்லை. இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். கேபிள் கார் டிக்கெட்டையும் இணையத்தில் முன்னதாகவே எடுக்க வேண்டும்.

கடைசியாக ஊர் திரும்பும் ரயில். மணாலி பஸ் காலையில் காஷ்மீரி கேட் வரும், இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று போடும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். ஒரு நிலச்சரிவோ அம்பாலா பக்கத்து மூடுபனியோ போதும், அதைக் குலைக்க. பனிக்காலத்தில் நடுவில் ஒரு முழு நாளாவது விடுங்கள். அந்த நாள் மீந்தால் சரோஜினி நகர் மார்க்கெட் இருக்கவே இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.