ஏற்காட்டுத் தோட்ட வீட்டுக்கு வழி சொல்ல நான் செய்தது

நாகலூர் போகும் வழியில் காபித் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. கதவு எண் இருந்தும் பிரயோஜனமில்லை, சில்வர் ஓக் மரம் தாண்டி இடது பக்கம் என்று சொன்னால் மலை முழுக்க சில்வர் ஓக் தான். அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்த ராத்திரி ஆம்புலன்ஸ் பக்கத்து எஸ்டேட் வரை போய்த் திரும்பியது. அதற்கப்புறம்தான் பிளஸ் கோடுக்கு, அதாவது முகவரிக்குப் பதிலாக இடத்தைக் காட்டும் கூகுளின் குறியீட்டுக்கு மாறினேன்.

கூகுள் மேப்பில் இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் விவரத்தில் அது வரும்: எழுத்தும் எண்ணும் கலந்து நாலு, ஒரு பிளஸ் குறி, அதேபோல ரெண்டு, கூடவே ஊர் பெயர். அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணக்குப் போட்டு வருவதால் யாரிடமும் பதிய வேண்டாம், வாட்ஸ்அப் லொகேஷன் போகாத இடத்திலும் சாதாரண போனில் வாயாலேயே சொல்லிவிடலாம்.

முக்கியமான விஷயம், குறியீட்டை வீட்டுக்கு எடுக்காதீர்கள், வண்டி நுழையும் கேட்டுக்கு எடுங்கள். மலையில் வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும் ரோடு கீழே உள்ள கொண்டை ஊசி வளைவாக இருக்கலாம், மேப் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும், ஏறி வர வழியே இருக்காது. ஒரு பிளஸ் கோடு காட்டும் சதுரக் கட்டம் பக்கத்துக்கு சுமார் 14 மீட்டர், கேட்டைக் கண்டுபிடிக்க அது தாராளம்.

அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின் என்ற இடக் குறியீடும் நல்ல ஏற்பாடு, எழுத்தும் எண்ணும் கலந்து 10, சுமார் 4 மீட்டர் கட்டம். ஆனால் ஓட்டுநர்கள் கையில் இருப்பது கூகுள் மேப், அதனால் கேட்டில் பிளஸ் கோடைப் பெரிதாகவும் டிஜிபின்னை அடியில் சின்னதாகவும் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்.