இலை எடையும் திரையும் ஒத்துப்போக

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடும் டபிள்யூ.பி.எஃப். (விண்டோஸ் திரைகள் அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பு) மென்பொருள். திரையில் ஒரு கிலோ, டேட்டாபேஸில் வேறு கிலோ. ஒரே எடைக்கு மாடலில் (தரவை வைத்திருக்கும் பகுதி) ஒரு பிரதி, வியூ மாடலில் (அதைத் திரைக்குக் கொடுக்கும் பகுதி) ஒரு பிரதி; இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று திருத்திக்கொண்டிருந்தன.

வியூ மாடல் பிரதியை எடுத்துவிட்டேன். இப்போது அது மாடலிலிருந்தே படிக்கும், மாடலுக்கே எழுதும். ஈரத்துக்காகக் கழிப்பது போக மிஞ்சும் நிகர எடையைச் சேமிப்பதே இல்லை, கேட்கும்போது கணக்கிடும். மொத்த எடை மாறினால் நிகர எடைக்கும் ப்ராபர்ட்டி சேஞ்ச்டு (மதிப்பு மாறியதைத் திரைக்குச் சொல்லும் அறிவிப்பு) எழுப்பியாக வேண்டும். விட்டால் திரை பழைய எண்ணிலேயே நிற்கும்.

மாடலின் பட்டியலோடு வியூ மாடலின் பட்டியலை ஒத்திசைக்கும் வேலை முழுக்க ஒரே கிளாஸில். பட்டியல் மாறும்போது வரும் ஆட், ரிமூவ், ரீப்ளேஸ், மூவ் அறிவிப்புகளுக்கு எழுதிவிட்டு ரீசெட்டை விடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். அப்சர்வபிள் கலெக்ஷனில் (மாற்றத்தைத் தானே அறிவிக்கும் பட்டியல்) கிளியர் அழைத்தால் ரீசெட் வரும், நீக்கியவற்றைச் சொல்ல வேண்டிய ஓல்டு ஐட்டம்ஸில் எதுவும் இருக்காது (null). அதனால் நம் பட்டியலில் இருப்பவற்றின் ஈவென்ட் இணைப்புகளை முதலில் அவிழ்த்து, பிறகு நிரப்புங்கள். அவிழ்க்காவிட்டால் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

எடை மெஷினின் சீரியல் போர்ட் தகவல் திரையை இயக்கும் த்ரெட்டில் (நிரல் ஓடும் தடம்) அல்லாமல் வேறு த்ரெட்டில் வரும். அங்கேயே திரையோடு இணைந்த பட்டியலில் சேர்த்தால் நாட் சப்போர்ட்டட் எக்ஸப்ஷன் என்ற பிழை வரும். திரை த்ரெட்டுக்கு வேலை அனுப்பும் டிஸ்பேட்சரின் பிகின் இன்வோக் (காத்திருக்காமல் அனுப்புவது) வழியே அனுப்புங்கள். முடியும்வரை காத்திருக்கும் இன்வோக் வேண்டாம்: போர்ட்டை மூடும்போது இரண்டு த்ரெட்டும் ஒன்றுக்கொன்று காத்து உறைந்துவிடலாம்.