எண்டெரல் தொடங்கும் முன் ஒரு கொப்பி வாங்குங்கள்

கச்சான் காற்று வீசும் காலத்தில் நானும் தம்பியும் எண்டெரல் என்ற கணினி விளையாட்டைத் தொடங்கினோம். முடிக்கும்போது மாரி பிடித்துவிட்டது. டச்சு விரிகுடாப் பக்கமிருந்து அலைச்சத்தம் எங்கள் ஜன்னல்வரை கேட்டது. திருகோணமலை உப்புவெளியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி எடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, டைப் செய்வது என்று நாள் போய்விடும். இரவு எட்டரைக்குப் பிறகுதான் கணினி முன்னால் உட்கார முடியும். தம்பி ஏ.எல். படிக்கிறான். அவனுக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் விடுதலை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விளையாடியதால்தான் எண்டெரலை ஒழுங்காகப் பார்க்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். அது அவசரக்காரருக்கான விளையாட்டு இல்லை.

எண்டெரல் என்பது ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் மேல் கட்டப்பட்ட மொட், அதாவது ஏற்கனவே உள்ள விளையாட்டை ரசிகர்கள் மாற்றிச் செய்தது. ஆனால் ஸ்கைரிமுக்குள் புதிதாக ஒரு குகையையோ ஊரையோ சேர்ப்பது போன்ற மொட் இல்லை. உலகம், வரைபடம், கதை, பாத்திரங்கள், குரல், திறன் வளர்க்கும் முறை எல்லாமே வேறு. ஜேர்மனியைச் சேர்ந்த ஷுவர்ஏஐ என்ற ரசிகர் குழு பல வருடம் உழைத்து 2016இல் இதை வெளியிட்டது. 2019 பெப்ரவரியில் விரிவாக்கப்பட்ட பதிப்பு, கணினி விளையாட்டுகளுக்கான இணையக் கடையான ஸ்டீமில் வந்தது. அன்றுமுதல் இன்றுவரை இலவசம். இவ்வளவு பெரிய ஒன்றை மனிதர்கள் சேர்ந்து செய்து சும்மா தந்திருக்கிறார்கள் என்பதே என்னை முதலில் இதன் பக்கம் இழுத்தது.

முதலில் செய்ய வேண்டியது. ஸ்டீமில் எண்டெரல் இரண்டு வகையாக இருக்கிறது: 2011இல் வந்த பழைய ஸ்கைரிமுக்கு ஒன்று, அதைப் பின்னர் மேம்படுத்தி வெளியிட்ட ஸ்பெஷல் எடிஷனுக்கு ஒன்று. உங்கள் கணக்கில் எந்த ஸ்கைரிம் இருக்கிறதோ அதற்குரியதை எடுங்கள். இனிமேல்தான் ஸ்கைரிம் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்பெஷல் எடிஷனையே வாங்குங்கள். பழையது 32 பிட் என்பதால் நினைவகம் நிரம்பி விழுந்துவிடும். ஸ்பெஷல் எடிஷன் 64 பிட், நின்று பிடிக்கும். டொலர் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஸ்டீமில் தள்ளுபடி அடிக்கடி வரும், பொறுத்திருங்கள். எங்கள் இணைப்பில் நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா இருக்கிறது. அதனால் இரவில் டவுன்லோட் போட்டுவிட்டுப் படுத்தோம், இரண்டு இரவில் இறங்கியது.

எண்டெரல் தனி ஃபோல்டரில் தன்பாட்டுக்கு இருக்கும். உங்கள் பழைய ஸ்கைரிம் சேவ்களை, அதாவது விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமித்து வைத்தவற்றை, தொடாது. ஸ்கைரிமுக்காக நீங்கள் சேர்த்து வைத்த மொட்களை இதற்குள் கொண்டுவந்து போடாதீர்கள். அவை எதிர்பார்க்கும் ஊரும் இல்லை, திறன் முறையும் இல்லை. அப்படிப் போட்டால் கதையின் நடுவில் எங்காவது உடையும், எங்கே உடைந்தது என்று தேடியும் பிடிக்க முடியாது. அப்புறம், அமைப்புகளில் உரையாடல் எழுத்துகளைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். குரல் ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் இருக்கிறது, தமிழில் இல்லை.

கொப்பி விஷயம் அங்கேதான் தொடங்கியது. தம்பிக்கு ஆங்கிலம் வாசித்தால் புரியும், வேகமாகப் பேசினால் தவறிப்போகும். நான் திரையைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவன் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினான். யார் யாருக்கு என்ன சொன்னார், எந்த ஊரில் எந்தக் கடைக்காரர் எந்தப் புத்தகம் விற்கிறார், எந்த வாசல் இன்னும் திறக்கவில்லை எல்லாம் அதில் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். ஒளியில் பிறந்த தெய்வங்களை ஒளிப்பிறவிகள் என்றோம். நாட்டில் பரவும் ஒரு பைத்தியத்துக்குச் சிவப்புப் பித்து என்று பெயர் வைத்தோம். உலகத்தையே துடைத்துப் போடும் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் ‘சுத்திகரிப்பு’ என்றேன். அவன் யோசித்துவிட்டு, “அக்கா, அது ஊழி” என்றான். அந்தச் சொல் விழுந்த பிறகு கதை எங்களுடையது போல ஆகிவிட்டது. நீங்களும் உங்கள் மொழியில் பெயர் வைத்து விளையாடிப் பாருங்கள். இதில் வரும் பாத்திரங்கள் அதிகம் பேசுவார்கள். பேச்சைத் தட்டித் தட்டிக் கடந்தால், பின்னால் வரும் பெரிய முடிவுகள் உங்களுக்கு வெறும் பொத்தான்களாகத்தான் தெரியும்.

தொடக்கம் ஒரு கனவு. அப்பாவும் வீடும் வரும் அந்தக் கனவைச் சொல்ல மாட்டேன், பொறுமையாக நடந்து பாருங்கள். பிறகு கப்பல், பிறகு கடற்கரை. கரையில் எழுந்ததும் ஸ்கைரிம் பழக்கத்தில் கண்ணில்பட்ட திசையில் ஓடாதீர்கள். ஸ்கைரிமில் பெரும்பாலான எதிரிகள் உங்கள் அளவுக்கேற்பத் தாழ்ந்து நிற்பார்கள். இங்கே அப்படி இல்லை. இடத்துக்கு இடம் எதிரியின் பலம் நிலையானது. பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் போன எங்களை முதல் நாளே ஓநாய்கள் முடித்துவிட்டன. ஓர் இடத்தில் மூன்று முறை இறந்தால் அது உங்களுக்கு இன்னும் உரிய இடமில்லை. கொப்பியில் பெயரை எழுதிவிட்டுத் திரும்புங்கள், உங்கள் பாத்திரம் பத்து நிலை உயர்ந்த பிறகு வாருங்கள். பாதையோடு போனால் ரிவர்வில் என்ற சின்ன ஊர் வரும். முதல் சில இரவுகளுக்கு அதுதான் உங்கள் வீடு.

இனி மிக முக்கியமானது, காய்ச்சல். நம் வீட்டில் காய்ச்சல் வந்தால் மருந்து குடிப்போம். எண்டெரலில் மருந்து குடித்தால் காய்ச்சல் வரும். மாயக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர் வைத்தோம். காயம் ஆற்றும் குடுவைகளும் சில மந்திரங்களும் அதை ஏற்றும், சில இடங்களில் நின்றாலே ஏறும். நூறு சதவீதத்தைத் தொட்டால் சாவு. இறங்குவதற்கு அம்ப்ரோசியா என்ற பானம் வேண்டும், அது மலிவாகக் கிடைக்காது. எனவே குடுவையைக் கடைசி வழியாக வையுங்கள். முதல் பத்து மணித்தியாலத்தில் எங்கள் பையில் இறைச்சியும் ரொட்டியும் சூப்பும்தான் நிறைய. அடிபட்டால் ஒதுங்கி நின்று சாப்பிட்டு ஆறினோம். எப்போதும் இரண்டு அம்ப்ரோசியா கையில் இருக்கட்டும். வழியில் கிடைக்கும் செடிகளையும் பறியுங்கள், ரசவாதம் பழகினால் பணம் மிச்சமாகும்.

திறன் வளர்ப்பதும் ஸ்கைரிம் மாதிரி இல்லை. வாள் வீசுவதால் வாள்திறன் கூடாது. எதிரியை வென்றும் கதை வேலைகளை முடித்தும் அனுபவப் புள்ளி சேர்த்து நிலை உயர வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் கற்றல் புள்ளியும் கைத்தொழில் புள்ளியும் கிடைக்கும். அவற்றைச் செலவழிக்க, கடையில் அந்தந்தத் திறனுக்கான பாடப்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்க வேண்டும். ஒரு திறன் 25ஐத் தாண்டினால் அடுத்த தரப் புத்தகம், 50க்கு மேல் அதற்கடுத்தது, 75க்கு மேல் கடைசித் தரம். ஏற ஏற விலையும் ஏறும். ஆகவே எல்லாவற்றிலும் கொஞ்சம் தொடலாம் என்று நினைத்தால் இருபதாம் நிலையில் எதற்கும் உதவாத ஆளாக நிற்பீர்கள். ஓர் ஆயுதம், ஒரு கவச வகை, ஒரு கைத்தொழில், அவ்வளவு போதும். நாங்கள் வில்லையும் இலேசான கவசத்தையும் எடுத்தோம். கைத்தொழிலில் பேச்சுத்திறனுக்கும் கொஞ்சம் ஒதுக்கினோம். கடையில் விலை இறங்கியது, சில உரையாடல்களில் வாளில்லாமல் காரியம் முடிந்தது.

இன்னொரு புள்ளியும் சேரும், அதைத் தியானத்தில்தான் செலவழிக்கலாம். சண்டைக்கு வெளியே, அமைதியான இடத்தில் தியானத்தை அழைத்தால் உள்ளே ஓர் உலகம் திறக்கும். அங்கே இரண்டு வகுப்புகளை, அதாவது உங்கள் பாத்திரம் சண்டையிடும் பாணிகளை, தேர்ந்து அவற்றிலேயே புள்ளிகளைப் போடுங்கள். இரண்டு வகுப்புகள் சேரும்போது தனியான பலன் ஒன்று கிடைக்கும்.

பயணம். வரைபடத்தில் தட்டினால் ஓரிடத்தில் போய் இறங்கும் வசதி இல்லை. பலர் இந்த இடத்தில்தான் சலித்து விடுகிறார்கள், எனக்கோ எண்டெரலில் மிகப் பிடித்தது இதுதான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை அந்தப் பக்கம் போகப் பாதையில்தான் ஏற வேண்டும். பாதை என்றால் எங்கள் ஊரில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை. பாதை வரும்வரை காத்திருந்து, அதற்குள் நாலு பேரோடு பேசி, அக்கரையில் இறங்கும்போது வேறோர் ஊருக்கு வந்ததாகவே இருக்குமென்று அப்பா சொல்வார். எண்டெரலில் அந்த வேலையைச் செய்வது மிராட், சவாரிக்குப் பழக்கிய பெரிய பறக்கும் விலங்கு. கோபுரங்களில் பராமரிப்பாளரிடம் காசு கொடுத்தால் அடுத்த கோபுரத்துக்குக் கொண்டு போகும். புதிய பகுதிக்குள் நுழைந்ததும் முதலில் அதன் மிராட் கோபுரத்தைத் தேடுங்கள். மற்றது, ஊர் பேரில் விற்கும் மாயச் சுருள்கள். ஒன்று ஒரு முறைக்குத்தான். தலைநகரான ஆர்க்குக்கு உரியது ஒன்றை எப்போதும் பையில் வையுங்கள். சுமை தாங்காமல் தொலைவில் நிற்கும்போது அது காப்பாற்றும்.

ஆர்க் நகரத்துக்குள் வந்ததும் பிரதான கதையை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு வாரம் சுற்றுங்கள். சந்தை, கீழ் நகரம், பிரபுக்கள் பகுதி என்று அடுக்கடுக்காக இருக்கிறது. கீழ் நகரத்தில் ரலாத்தா என்ற இரகசியக் கூட்டம், வணிகர்கள் பக்கம் பொன் அரிவாள் என்ற சங்கம்: இந்த இரண்டு கதைகளும் 2019 பதிப்பில் சேர்ந்தவை. ரலாத்தாக் கதை கனமானது, சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். பிரதான கதை கடைசிப் பகுதிக்குப் போகும் முன் இவற்றை முடித்துவிடுங்கள், பின்னால் நேரம் தராது. அதேபோல கதையில் உங்களோடு வரும் தோழர்களான ஜெஸ்பரோ கலியாவோ பேச வேண்டும் என்று குறிப்பு வந்தால் மற்றதை விட்டுவிட்டுப் போங்கள். அந்த உரையாடல்களில்தான் இந்த மொட்டின் உயிர் இருக்கிறது. ஜெஸ்பர் தன் கடந்த காலத்தைச் சொன்ன இரவில் தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கொப்பியில் அந்தப் பக்கம் பாதி வெறுமையாக இருக்கிறது.

சேவ் பற்றி ஒரு சம்பவம். மாரி தொடங்கிய கிழமை, இடி முழங்கிக்கொண்டிருக்கும்போதே விளையாடினோம். தானாகச் சேவ் ஆகும் அந்த நொடியில் கரண்ட் போனது. வந்த பிறகு அந்தச் சேவ் திறக்கவில்லை. அதற்கு முந்தியதோ மூன்று நாள் பழையது, ஆறு மணித்தியால ஆட்டம் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் முறை இது: விடுதியில் தூங்கி எழும்பும் ஒவ்வொரு முறையும் பழையதன் மேல் எழுதாமல் புதிய சேவ். கடைசிப் பத்து இருக்கட்டும். கிழமைக்கு ஒரு தரம் சேவ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் கொப்பி பண்ணுங்கள். இடி கேட்டால் விளையாட்டை மூடி, பிளக்கைக் கழற்றுங்கள்.

முடிவுக்குக் கிட்ட வரும்போது கதையே எச்சரிக்கும். ஸ்கைரிம் போல எல்லாம் முடிந்த பிறகும் ஊர் சுற்றலாம் என்று எண்ணாதீர்கள். முடிவு வந்தால் விளையாட்டும் முடிந்தது. விட்ட வேலைகள், வாங்க நினைத்த வீடு, போகாத குகை எல்லாவற்றையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் இருப்பதால், கடைசித் தேர்வுக்கு முன் தனியாக ஒரு சேவ் எடுங்கள். சேவுக்குப் பெயர் வைக்க முடியாது, எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

நான் ஒரு முடிவைத் தேர்ந்தேன். தம்பி மற்றதைத்தான் எடுத்திருப்பேன் என்றான், காரணமும் சொன்னான். செய்தவர்களின் பெயர்கள் ஓடி முடியும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவனுடைய முடிவை அவன் கையாலேயே விளையாடட்டும் என்று 212ஆம் சேவைப் பென் டிரைவில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஏ.எல். பரீட்சை முடிந்த அன்றிரவு எடுத்துக் கொடுப்பேன்.